உபயம் எழுத இடமில்லாத செலவு: நூதனசாலைக்காக ஒரு வேண்டுகோள்

அன்புடையீர்,

பொன்னம்பலவாணேசுவரர் திருவருளை முன்னிட்டு இதை எழுதுகிறோம். கொழும்புக் கொட்டாஞ்சேனையில், தமிழ் பேசிய வீடுகளின் பழைய பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் எங்கள் சிறிய நூதனசாலை (அருங்காட்சியகம்) இருக்கும் மாடிவீட்டை இடித்துத் தொடர்மாடி கட்டப்போகிறார்கள். செப்டம்பர் 30ஆம் திகதிக்குள் நாங்கள் வெளியேற வேண்டும். வீட்டுக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆறு வருடம் பாதி வாடகைக்கு விட்டிருந்தார். போன பொங்கலுக்கே சொல்லியும் வைத்தார். நாங்கள்தான் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று நாளைக் கடத்திவிட்டோம்.

இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு பழைய ஓட்டு வீடு கிடைத்திருக்கிறது. தடித்த சுவர், நடுவில் முற்றம். கொட்டும் மழையில் வேண்டுமென்றே போய்ப் பார்த்தோம், ஓரிடத்திலும் ஒழுக்கு இல்லை. வீட்டுக்கார அம்மா இரண்டு வருட வாடகையை முற்பணமாகக் கேட்கிறார். செப்டம்பர் 15 வரைக்கும் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை.

எங்கள் தலைவர் ஐயா ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 79. "காசு கேட்க முதல் நாங்கள் யார் என்று சொல்லு" என்பது அவர் கட்டளை. ஆகவே அவர் சொல்லச் சொல்ல எழுதியது இது. கொழும்பில் தமிழர் நேற்று வந்து இறங்கியவர்கள் அல்லர். 1857இல் பொன்னம்பல முதலியார் கொச்சிக்கடையில் சிவன் கோயிலைக் கட்டுவித்தார். அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடங்கி அதையே கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். வாந்திபேதிப் பயத்தில் அரசாங்கம் கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடு போட்ட காலத்தில், 1874இல், செட்டியார் தெருவிலிருந்து முருகனின் ஆடிவேல் ஊர்வலம் புறப்பட்டது. "நாங்கள் போக முடியாவிட்டால் என்ன, அவனே வீதிக்கு வந்தான்" என்பார் ஐயா. 1897 ஜனவரி 15ஆம் திகதி சுவாமி விவேகானந்தர் கப்பலால் இறங்கியதும் இந்தக் கொழும்பில்தான். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசுக்கு முதல் தலைவராக இருந்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1930இல் வீரகேசரிப் பத்திரிகை, 1942இல் கொழும்புத் தமிழ்ச் சங்கம். ஐயா இன்னும் இரண்டு பக்கம் சொன்னார். அச்சுக் கூலியை நினைத்து நிறுத்திக்கொண்டோம்.

சரி, பெருமை பெருமைதான். ஆனால் அந்தக் கோயிலுக்குக் கருங்கல் சுமந்தவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்? இந்தக் கேள்வியில்தான் எங்கள் குழு இரண்டு வருடம் சண்டை பிடித்தது. சேர் பட்டம் பெற்றவர்களின் படங்களைச் சுவரில் வரிசையாக மாட்டினால் போதும் என்று மூத்தவர்கள் சொன்னார்கள். அந்தப் படங்களைப் பார்க்க வேறு இடங்கள் உண்டு, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் கொக்கியைப் பார்க்க எங்கே போவது என்று இளையவர்கள் கேட்டார்கள். கடைசியில் இளையவர்கள் பக்கமே தீர்ந்தது. கொழும்பில் தமிழ் பேசிய எந்த வீட்டுப் பொருளுக்கும் இங்கே இடம் உண்டு. புறக்கோட்டைக் கணக்கப்பிள்ளையும், மலையகத்திலிருந்து வீட்டு வேலைக்கு வந்த சிறுமியும், கொழும்புச் செட்டிகளும், பரதரும், வீட்டில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்களும் இதில் சரிசமம். தலைவர் ஐயா மூன்று மாதம் எங்களோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை படியேறி வந்தார். தன் தாயாரின் அரிசிக் கூப்பன் புத்தகத்தை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "இதையும் எழுதிக்கொள்" என்றார். அன்றிலிருந்து எங்களில் மிகத் தீவிரமானவர் அவர்தான்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா வந்தார். கைக்குட்டைக்குள் ஒரு திறப்பு. பித்தளை, ஒரு விரல் நீளம், வளையத்தில் பச்சை நூல் சுற்றியிருந்தது. 1983 ஆடிக் கலவரத்தில் எரிந்த வீட்டின் முன்கதவுத் திறப்பு. "வீடும் இல்லை, கதவும் இல்லை. இதை என்னத்துக்கு வைச்சிருக்கிறியள் எண்டு பிள்ளைகள் கேக்குதுகள். நீங்களாவது வைச்சிருங்கோ" என்றார். பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் அந்தத் திறப்புக்குப் பக்கத்தில் ஒரு வருடம் மட்டும் எழுதியிருக்கிறோம்.

பித்தளை தாங்கும். காகிதம் தாங்காது. செட்டியார் தெருக் கடையொன்றின் பேரேடு எங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி, கணக்கெல்லாம் தமிழ் எண்களில். பழைய மையில் இருந்த இரும்புச் சத்து, எழுதிய இடத்திலேயே காகிதத்தை அரித்துவிட்டது. தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து இருந்த இடம் சல்லடைக் கண்ணாகத் தெரிகிறது. கவனமில்லாமல் புரட்டினால் எழுத்து உதிர்ந்து மேசையில் விழும். போன மே மாத மழையில் இரண்டு அலுமாரிகளில் பூஞ்சணம் பிடித்தது. கொழும்புக் காற்றின் ஈரம் அப்படி. காகிதத்துக்கு ஐம்பது சதவீத அளவில் ஈரப்பதன் இருந்தால் நல்லது. அறுபத்தைந்தைத் தாண்டினால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். எங்கள் அறையில் மழைக்காலத்தில் எண்பதைத் தாண்டுகிறது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? வெயிலில் காயப் போட்டோம்! அது எவ்வளவு பெரிய பிழை என்று பிறகுதான் தெரிந்தது. கிழிந்த கடிதங்களில் செலோடேப் ஒட்டியதும் நாங்கள்தான்.

ஆகவே உங்களிடம் மறைக்காமல் கேட்கிறோம். எங்களுக்கு இப்போது முக்கியமாக வேண்டியது சம்பளத்துக்கு வேலை செய்யும், படித்த ஒரு ஆள். நல்ல மனசுள்ள ஒன்பது பேரால் ஒரு நூதனசாலை ஓடாது. தலைவர் ஐயாவின் தலைக்குள் இருக்கும் விபரம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எந்தப் பொருள் யார் தந்தது, எந்த வருடம், என்ன கதை என்று அவர் பக்கத்தில் இருந்து எழுதிக்கொள்ள, முழுநேரமாக ஒரு பொறுப்பாளர் வேண்டும். ஐயாவுக்கு ஆண்டவன் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். ஆனாலும் 79 என்பது 79தான்.

இங்கேதான் சிக்கல். எங்கள் ஆட்கள் அலுமாரி தருவார்கள், மின்விசிறி தருவார்கள். ஏழு மின்விசிறி இருக்கிறது, ஏழிலும் உபயகாரர் பெயர் சிவப்பு மையில். சம்பளத்தில் பெயர் எழுத முடியாதே, அதனால் அதற்குத் தருவார் இல்லை. தேசிய நூதனசாலையில் காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டது. சீனத்திலும் தமிழிலும் பாரசீகத்திலும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைகளை அடுக்கிச் சொல்லும் கல். அதுவும் ஒரு உபயப் பட்டியல்தானே! 1911இல் அதைக் கண்டெடுத்தபோது காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. சீனப் பேரரசன் பெயர் வெட்டிய கல்லுக்கே அந்தக் கதி என்றால் எங்கள் மின்விசிறி எம்மாத்திரம்? 1877இல் திறக்கப்பட்ட அந்த நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டிய வாப்பிச்சி மரைக்காரைப் பற்றியும் ஒரு கதை சொல்வார்கள். என்ன பரிசு வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, பெயர் எதுவும் கேட்காமல், தொழுகை நாளான வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மூடி வையுங்கள் என்றாராம்.

கணக்கு இதுதான். இரண்டு வருட முற்பணம் 12 இலட்சம் ரூபா. பொறுப்பாளர் சம்பளம் மாதம் 85,000 படி ஒரு வருடத்துக்கு 10 இலட்சத்து 20 ஆயிரம். ஈரப்பதன் குறைக்கும் இயந்திரம் இரண்டு, 2 இலட்சத்து 20 ஆயிரம். அமிலமில்லாத பெட்டி 400, ஒன்று 650 ரூபா வீதம் 2 இலட்சத்து 60 ஆயிரம். மின்கட்டணம் வருடத்துக்கு 2 இலட்சத்து 64 ஆயிரம். எல்லாம் சேர்த்து 29 இலட்சத்து 64 ஆயிரம் ரூபா. கையில் இருப்பது 13 இலட்சத்து 40 ஆயிரம். குறைவது 16 இலட்சத்து 24 ஆயிரம்.

அந்தப் பதின்மூன்று இலட்சமும் சும்மா வரவில்லை. பெயர் வேண்டாம் என்று மூன்று இலட்சத்தைக் கடித உறையில் தந்த செட்டியார் தெரு நகைக்கடை ஐயாவுக்கு எங்கள் நன்றி. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற பதினான்கு பேர், மாதம் ஐந்நூறு ரூபா படி ஒரு மாதமும் தவறாமல் தருகிறார்கள். அவர்களில் இருவர் இப்போது இல்லை, பிள்ளைகள் தொடர்ந்து கட்டுகிறார்கள். பழைய சோனகத் தெரு இரும்புக்கடை நானா அலுமாரித் தட்டுகளை வாங்கிய விலைக்கே தந்தார். கனடாவில் இருக்கும் சகோதரிகள் மூவர் தங்கள் அப்பாவின் ஆண்டுத் திவசச் செலவை அப்படியே அனுப்பி வைத்தார்கள். பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகள் கொண்டுவந்த உண்டியலில் 4,312 ரூபா இருந்தது, பாதிக்கு மேல் பத்து ரூபாக் குற்றிகள். எண்ணி முடிக்க ஒரு பின்னேரம் போனது. கறையான் தின்ற கதவு நிலையை மாற்றித் தந்த சிங்களத் தச்சர் கூலி வாங்க மறுத்துவிட்டார். தேத்தண்ணி மட்டும் குடித்தார்.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். போன வருடப் பொதுக்கூட்டத்தில் 31 பேர் கையுயர்த்தித் தொகை சொன்னார்கள். பதினொரு பேர் கட்டிவிட்டார்கள். மற்ற இருபது பேரின் பெயரும் கூட்டக் குறிப்பில் இருக்கிறது. வாசிக்க மாட்டோம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எல்லோருக்கும் கைமுட்டு, தெரியும். ஆனாலும் இந்த ஆவணியில் மட்டும் கொட்டாஞ்சேனையில் எத்தனை பூப்புனித நீராட்டு விழா, எத்தனை டிரோன் கமரா! ஒரு டிரோன் வாடகையில் எத்தனை பெட்டி வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

முழுத்தொகையும் முடியாதவர்கள் ஒரு பெட்டிக்கு 650 ரூபா தந்தாலும் போதும். சம்பளக் கணக்குக்கென்று தருபவர்கள் பற்றுச்சீட்டில் அப்படியே எழுதச் சொல்லுங்கள், அந்தக் காசை வேறெதற்கும் தொடமாட்டோம். வெளிநாட்டு உறவினர்கள் இங்கே உள்ள ஒருவர் மூலம் கட்டுவது சுகம். பழைய படங்களைத் தருபவர்கள் தயவுசெய்து லமினேட் செய்துகொண்டு வராதீர்கள், உள்ளது உள்ளபடி தாருங்கள்.

சனிக்கிழமைகளில் மாலை 4 மணி முதல் 7 மணி வரை பொருளாளர் மேல்மாடியில் இருப்பார். படி செங்குத்து. முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் ஏற வேண்டாம். கீழே தேத்தண்ணிக் கடையில் சொல்லிவிட்டால் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு நாங்களே இறங்கி வருகிறோம்.

இவ்வண்ணம்,
செயற்குழுவின் சார்பில் செயலாளர்