ஜாக்கி சான் டிஸ்க் தப்பா வந்தது, இது ஆறாவது புகார்

வணக்கம் சார், மேடம், யார் படிச்சாலும் சரி.

கோலாலம்பூர் செந்தூல்ல இருந்து எழுதுறேன். போன மாசம் உங்ககிட்ட வாங்கின 'ஹார்ட் ஆஃப் டிராகன்' புளூரே விஷயம்தான். அஞ்சு தடவ கூப்பிட்டாச்சு, வாட்சப்ல மூணு பேரு மாறியாச்சு, ஒவ்வொருத்தரும் முதல்ல இருந்து சொல்லுங்கன்றாங்க, திரும்ப சொல்ல எனக்கு தெம்பு இல்ல.

நீங்க விக்கிற படம், உங்களுக்கே தெரியும். 1985ல வந்தது, சாமோ ஹங் டைரக்ட் பண்ணி அவரே மூளை வளர்ச்சி இல்லாத அண்ணனா நடிச்சாரு, ஜாக்கி போலீஸ்கார தம்பி. அதே வருஷம்தான் 'போலீஸ் ஸ்டோரி'யும், அதனால இத பல பேருக்கு ஞாபகமே இல்ல. ஹாங்காங் வெர்ஷன்ல இல்லாத சண்டைங்க ஜப்பான் வெர்ஷன்ல இருக்கு. அதுக்குத்தான் 129 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். அட்டைல ஜப்பான் எழுத்து, உள்ள போட்டா ஹாங்காங் வெர்ஷன், அதுவும் இங்கிலீஷ் டப்பிங் மட்டும். ஜாக்கி அண்ணன்கிட்ட கத்துற சீன்ல எவனோ வெள்ளக்காரன் குரல் சார்.

மாத்தணும்னா நேர்ல கொண்டாங்கன்னு சொன்னது நீங்கதான். மஸ்ஜிட் ஜமேக்ல ரயில் மாறி கிளென்மேரி வந்து, உங்க கடைக்கு கிராப் டாக்சி புடிச்சு, மழைல நனைஞ்சு வந்தா, கவுண்டர்ல இருந்த பையன் போன்ல கேம் விளையாடிக்கிட்டே நிமிராம சொல்றான், "ஜாக்கி படம்தானே அங்கிள், அடிக்கிறது எல்லாம் ஒண்ணுதான், பாத்துட்டு தூங்குங்க". கைல இருந்த பிளாஸ்டிக் பையில இருந்து தண்ணி சொட்டுது, அவன் டிஸ்க்க தொடக்கூட இல்ல. சரக்கு வைக்கிற ஸ்டோர்ல கேக்கணும், ஸ்டோர் இன்னிக்கு மூடியிருக்குன்னு திருப்பி அனுப்பிட்டான். ஸ்டோர் மூடின நாள்ல ஏன்பா என்ன வரச் சொன்னீங்க?

நான் ஏன் இவ்ளோ கோவப்படுறேன்னு சொல்லிடுறேன். எங்க அண்ணனுக்கு ஸ்ட்ரோக் வந்து ரெண்டு வருஷம், பேச்சு சரியா வராது. சின்ன வயசுல சௌக்கிட்ல டேப் வாடகைக்கு எடுத்து ரெண்டு பேரும் இந்தப் படத்த தேய தேய பாத்திருக்கோம். கடைசில பாதி கட்டின பில்டிங்ல நடக்குற சண்டை வந்தா என் கைய புடிச்சுக்குவாரு. அவரு பொறந்தநாளுக்குத்தான் வாங்கினேன். பொறந்தநாள் போயிடுச்சு, அந்த நாள எத்தன வெள்ளி கொடுத்து திருப்பித் தருவீங்க? என் வாழ்க்கைல இவ்ளோ பெரிய நஷ்டம் நான் பட்டதே இல்ல.

தயவுசெஞ்சு சரியான டிஸ்க்க அனுப்புங்க, இல்ல காச திருப்பிக் கொடுங்க, நான் உங்க பழைய கஸ்டமர், சண்டை போட ஆசை இல்ல. ஆனா ஒரு வாரத்துல பதில் வரலன்னா பயனீட்டாளர் டிரிபியூனல்ல 5 வெள்ளி கட்டி கேஸ் போட்டுடுவேன், லாயர் கூட தேவையில்ல. கவுண்டர் பையன் சொன்னதையும் அப்படியே எழுதிக் கொடுப்பேன். ஆமா, கிராப் காசு 14 வெள்ளி, அதையும் சேத்துக்கோங்க.

டிஸ்க்கும் பில்லும் வீட்லதான் இருக்கு. ஆள் அனுப்பி எடுத்துக்கோங்க, நான் கிளென்மேரி பக்கம் இனிமே வரமாட்டேன்.