யானைக்கு ஏது சபை எல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

யானை வேலி கேட்டுப் பிரதேச சபையில் ஏகமனதாகத் தீர்மானம் என்று உங்கள் மட்டக்களப்புச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி படிக்கிறோம். அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்ற செய்தியைத்தான் காணோம்.

நான் படுவான்கரையில் வயல் செய்பவன். பெரும்போக வேளாண்மை கதிர் முற்றும் நேரம் இரவிரவாகப் பரணில் காவல் கிடக்கிறோம். கையில் இருப்பது ஒரு டோர்ச் லைட்டும் நாலைந்து யானை வெடியும்தான். அந்த வெடியைத் தருவது வனஜீவராசிகள் திணைக்களம். மின்வேலி போடுவதும், யானை உடைத்த வீட்டுக்கு நட்டஈடு கொடுப்பதும் அதே திணைக்களம். பிரதேச சபையால் ஆவது ஊர் வீதிக்கு விளக்குப் போடுவதும், ஓரத்துப் பற்றைகளை வெட்டுவதும். அதைச் செய்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன்.

மிச்சத்தையெல்லாம் மேலே இருப்பவர்களிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்கிற விதத்தில்தான் எனக்குக் குறை. அமர்வில் ஒருவர் பிரேரணை கொண்டு வருவார், இன்னொருவர் வழிமொழிவார், கடிதம் போகும். அதன் அடியில் பிரதி என்று போட்டு ஆளுநர், மாவட்டச் செயலாளர், பாராளுமன்ற உறுப்பினர்கள் என்று ஒரு பெரிய வரிசை. அடுத்த அமர்வில் முந்திய கூட்டத்தின் அறிக்கையை வாசிக்கும்போது "கடிதம் அனுப்பப்பட்டுள்ளது" என்ற ஒரு வரியோடு விஷயம் முடிந்தது. பதில் வந்ததா, வராவிட்டால் ஏன் என்று எழும்பிக் கேட்க ஆளில்லை.

இதில் இன்னொன்று. போரதீவுப்பற்று, மண்முனை தென்மேற்கு, மண்முனை மேற்கு, ஏறாவூர்ப்பற்று என்று சபைக்கொரு கடிதம் போனால் திணைக்களத்துக்கு அது நாலு தனித்தனி முறைப்பாடு. போரதீவுப்பற்று வெல்லாவெளியில் துரத்தினால் யானை மண்முனை தென்மேற்கின் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஏறும். துண்டு துண்டாகப் போட்ட வேலி அடுத்த ஊருக்கு வழிகாட்டிவிடும், அவ்வளவுதான். நாலு தவிசாளர்களும் சேர்ந்து ஒரே வரைபடம் தயாரிக்கட்டும். வேலி எங்கே அறுந்து கிடக்கிறது, எந்த வழியால் ஊருக்குள் இறங்குகிறது, எத்தனை வீடு போனது என்ற விபரமெல்லாம் கிராம சேவையாளர்களைக் கேட்டால் கிடைக்கும். அதோடு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு ஒன்றாகப் போய், எந்தத் திகதிக்குள் என்ன செய்வீர்கள் என்று எழுத்தில் வாங்கட்டும்.

கட்சிகள் வேறு வேறு, ஒரு மேசைக்கு வர மாட்டார்கள் என்று ஒரு உறுப்பினரே என்னிடம் சொன்னார். எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டவனின் வயல் என்று யானை பார்த்து இறங்குவதில்லை.

மாகாண சபை இருந்தாலாவது நடுவில் நின்று பேச ஒருவர் இருப்பார். கிழக்கு மாகாண சபை 2017 செப்டம்பர் 30 ஆம் திகதி கலைந்த பிறகு ஆளுநர் ஆட்சிதான். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளும் கலைந்து, இரண்டு வருடத்துக்கு மேல் செயலாளர்களிடமே இருந்தன. 2025 மே 6 ஆம் திகதி வரிசையில் நின்று வாக்களித்து இந்தச் சபைகளைத் திரும்ப எடுத்தது வெறும் தீர்மானம் கேட்பதற்கா?

பதில் வராத கடிதத்துக்கு வழியும் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம். எந்தக் குடிமகனும் விண்ணப்பம் போட்டு, எங்கள் சபையின் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்கலாம். தருவதா இல்லையா என்பதைத் தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். உறுப்பினர் ஒருவர் தன் பெயரிலேயே இதைச் செய்ய முடியும். அனுப்பிய கடிதம், அனுப்பிய திகதி, வந்த பதில் மூன்றையும் சபை அறிவித்தல் பலகையில் ஒட்டினால் நாங்களும் பார்த்துக்கொள்வோம்.

விதைப்பு முடிந்துவிட்டது. வெட்டுக்கு முன் நாலு தவிசாளர்களும் ஒருமுறையாவது கூடிப் பேச வேண்டும்.

இப்படிக்கு,
விவசாயி ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.