ஒழுகும் வால்வை அடைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் குளிர்காலத்துக்கான வீட்டுக் குறிப்புகள் போட்டிருந்தீர்கள். எல்லாம் சரி, ஒரே ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கீஸரின் சேஃப்டி வால்வில் தண்ணீர் சொட்டினால் பிளம்பரைக் கூப்பிட்டு அடைத்துவிடலாம், தண்ணீர் வீணாகாது என்று எழுதியிருந்தது. தயவுசெய்து அதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். எங்கள் வீட்டில் செய்தோம், அதனால்தான் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ஏற்காட்டில், நாகலூர் போகிற வழியில். மார்கழியில் விடிகாலைக் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும், கீஸர் இல்லாமல் முடியாது. 15 லிட்டர், 2000 வாட். போன வருடம் அதன் அடியில் இருக்கும் வால்வு சொட்டிக்கொண்டே இருந்தது, பாத்ரூம் சுவர் முழுக்கப் பாசி. பிளம்பர் வந்தார், அண்ணாந்து பார்த்தார், வால்வின் வாயில் டம்மி என்கிற அடைப்பு மூடியைப் போட்டு டேப் சுற்றி முறுக்கிவிட்டு இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். சொட்டு நின்றது. எங்களுக்கும் சந்தோஷம்.

இந்த வருடம் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, வீட்டில் ஆள் நிறைய, யாரோ சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள், போட்டவர் மறந்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து நான் குளிக்கப் போய்க் குழாயைத் திருகினேன். முதலில் இருமல் மாதிரி இரண்டு தடவை கக்கியது, அப்புறம் தண்ணீரே இல்லை, வெறும் ஆவி, சீறிக்கொண்டு. பிளாஸ்டிக் வாளியின் விளிம்பு என் கண் முன்னாலேயே நெளிந்தது. பயத்தில் பக்கத்துப் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் அதிலும் சுடுதண்ணீர். மெயினை அணைத்துவிட்டு எல்லாரையும் வெளியே வரச் சொன்னேன். நல்லவேளை, குழந்தைகள் யாரும் கையை நீட்டவில்லை. 60 டிகிரி தண்ணீர் பெரியவர் தோலையே ஐந்து விநாடியில் புண்ணாக்கிவிடும், இது அதற்கும் எவ்வளவோ மேலே.

மறுநாள் எலக்ட்ரீஷியன் தம்பி வந்து கீழ்மூடியைக் கழற்றினார். தண்ணீர் சுட்டதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு கிடந்தது, குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் கரண்ட் போய்க்கொண்டேதான் இருக்கும். சரி, அது கெட்டால் காப்பாற்றத்தானே, சூடு எல்லை மீறினால் கரண்டைத் துண்டிக்கிற கட்-அவுட் ஒன்று இருக்கிறது என்று கேட்டேன். அவர் டார்ச் அடித்துக் காட்டினார். “அண்ணா, இது டைரக்ட்ல கெடக்குதுங்க.” முன்பு எப்போதோ அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று ஒருவரைக் கூப்பிட்டிருந்தோம், அவர் கட்-அவுட்டை விட்டுவிட்டு இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிட்டிருக்கிறார். அது ட்ரிப் ஆனதே சூடு எல்லை மீறியதால்தான் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

ஆக, தெர்மோஸ்டாட் போச்சு, கட்-அவுட் டைரக்ட், வால்வுக்கு டம்மி. பிறகு எப்படித்தான் தொட்டி வெடிக்காமல் இருந்தது? அந்தத் தம்பி சொன்னதுதான் வேடிக்கை. பச்சைத்தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்க ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு உண்டு, அதுவும் கெட்டுப்போய்ப் பின்பக்கமாகவே விட்டுக்கொண்டிருந்ததாம். அதனால்தான் பச்சைத்தண்ணீர்க் குழாயில் சுடுதண்ணீர் வந்தது, அதனால்தான் நாங்களும் பிழைத்தோம். அது மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது.

ஆவி ஏன் வந்தது என்று எனக்கு ரொம்ப நாள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாவதும் அதனால்தான். ஆனால் எங்கள் தண்ணீர்த் தொட்டி மேட்டில், வீடு பள்ளத்தில். முப்பத்து மூன்று அடி உயரத்துக்கு ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) என்று அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தில் கீஸருக்குள் இருக்கும் தண்ணீர் நூறைத் தாண்டியும் கொதிக்காமல் தண்ணீராகவே நிற்கும், குழாயைத் திறந்து அழுத்தம் விட்டதும் ஒரு பகுதி அப்படியே ஆவியாகிவிடும். குக்கரில் வெயிட்டைத் தூக்கினால் சீறுகிறதே, அதேதான்.

சிறுவயதில் அம்மாயி வீட்டில் தாமிரப் பாய்லர் இருந்தது. நடுவில் புகைபோக்கி, சில்வர் ஓக் சுள்ளியைப் போட்டுக் கொளுத்தினால் திமுதிமுவென்று எரியும். மேலே புனல் வாயில் ஒரு சொம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றினால் மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வரும். எவ்வளவு கொதித்தாலும் வாய் திறந்தே இருக்கும், ஆவி போய்விடும். கீஸருக்கு இருக்கிற ஒரே வாய் அந்தச் சின்ன வால்வுதான், அதில் போய் நாங்கள் டம்மி வைத்தோம்.

சொட்டுவதெல்லாம் பழுது இல்லை. 15 லிட்டர் தண்ணீர் 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய கால் லிட்டர் விரியும், அது எங்காவது போயாக வேண்டும். சூடாகும் நேரத்தில் ஒரு டம்ளர் சொட்டினால் வால்வு வேலை செய்கிறது என்று அர்த்தம், அதன் வாயில் ஒரு டியூபை மாட்டித் தரைச் சாக்கடைக்கு விட்டால் சுவரும் நனையாது. அணைத்திருக்கும்போதும் விடாமல் சொட்டினால் அழுத்தம் அதிகமா, வால்வு தேய்ந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லலாம். ஆவியோடு சொட்டினால் சூடு எல்லை மீறிவிட்டது, உடனே சுவிட்சை அணைக்க வேண்டும். பதற்றத்தில் குழாயைத் திறக்கவும் வேண்டாம், இரண்டு மூன்று மணி நேரம் தானாக ஆறட்டும்.

தெர்மோஸ்டாட் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, யாரும் சுடுதண்ணீர் திறக்காமல், கீஸரை மட்டும் ஒரு மணி நேரம் போட்டு ஈபி மீட்டரைப் பாருங்கள். 2000 வாட் நிற்காமல் ஓடினால் இரண்டு யூனிட் ஏறும். 15 லிட்டர் 60 டிகிரிக்குச் சூடாக அரை மணி நேரம்கூட ஆகாது, அதனால் ஒழுங்காகக் கட் ஆகும் கீஸர் ஒரு யூனிட்டைத் தாண்டாது. பக்கத்திலேயே நின்று பாருங்கள், போட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

சேலத்தில் அக்கா வீட்டில் வேறு கதை. மேட்டூர்த் தண்ணீர் வராத நாளில் போர்த் தண்ணீர்தான், உப்பு. கீஸர் போட்டால் உள்ளே சோளம் பொரிகிற மாதிரி சத்தம். திறந்து பார்த்தால் சூடாக்கும் காயிலின் மேல் விரல் தடிமனுக்கு வெள்ளைப் படிவு, தெர்மோஸ்டாட் குழலையும் அது மூடியிருந்தது, தண்ணீர் எவ்வளவு சுட்டாலும் அதற்குத் தாமதமாகத்தான் தெரியும். சுரண்டிக் கழுவியதும் சரியாகிவிட்டது. வருடம் ஒரு முறை கழுவச் சொல்லியிருக்கிறேன், மாமா எங்கே கேட்கிறார்.

எங்கள் வீட்டுச் செலவு, தெர்மோஸ்டாட், கட்-அவுட், வால்வு மூன்றும் புதிதாக, சேலம் போய் வாங்கிவந்தது, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறிய களைப்பு தனி. அடுத்த இதழில் அந்த ஒரு வரியைத் திருத்திப் போடுங்கள். படித்துவிட்டு யாராவது இந்நேரம் பிளம்பருக்குப் போன் போட்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஏற்காடு.