டிமோத்தி என்று விற்ற பையில் குதிரைமசால் இருந்தது குறித்த புகார்

அனுப்புநர்: முயல் வளர்க்கும் வாடிக்கையாளர், கோயம்புத்தூர்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். 'வளர்ந்த முயல்களுக்கான டிமோத்தி உலர்புல், இரண்டாம் வெட்டு' (அதாவது டிமோத்திப் புல்லின் இரண்டாம் அறுப்பு) என்று அச்சிட்டுத் தாங்கள் விற்கும் பையைத் தங்கள் இணையதளத்தில் வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் குதிரைமசால் என்னும் தீவனப் பயிர். இதைத் தெரிவித்தபோது, "குதிரைமசாலில்தான் சத்து அதிகம், முயலுக்கு நல்லதுதான்" என்று தங்கள் பணியாளர்கள் பதில் அனுப்பிப் புகாரை முடித்துவிட்டார்கள். பை மாறி வந்ததைவிட இந்தப் பதில்தான் என்னை மிகவும் வருத்துகிறது.

டிமோத்தியின் கதிர் பூனைவால் போல உருண்டு நீண்டிருக்கும். எனக்கு வந்த பையில் அத்தகைய கதிர்கள் தேடினால் ஒன்றிரண்டே கிடைத்தன. மும்மூன்றாக விடும் சிற்றிலைகள் உதிர்ந்து அடியில் பச்சைத் தூளாகக் கிடந்தன. தண்டுகளில் காய்ந்த ஊதாப் பூக்கள் ஒட்டியிருந்தன. மாட்டுக்குக் குதிரைமசால் அறுத்துப் போட்டுப் பழகிய எவரும் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள்.

சத்து அதிகம் என்பது உண்மைதான். வளர்ந்த முயலுக்குக் கேடு விளைவிப்பதும் அதுவே. பயறு வகையைச் சேர்ந்த குதிரைமசாலில் புரதமும் கால்சியமும் டிமோத்தியைவிட மிகக் கூடுதல். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கும், சினையுற்ற அல்லது பாலூட்டும் முயல்களுக்கும் அது பொருந்தும். ஆனால் முயலின் குடல், உடலின் தேவையைப் பாராமல் உணவிலுள்ள கால்சியத்தைப் பெருமளவு உறிஞ்சிக்கொண்டு, மிகுதியைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் இயல்புடையது என்பதால், நாள்தோறும் குதிரைமசாலே தின்னும் வளர்ந்த முயலுக்குச் சிறுநீர்ப்பையில் சுண்ணாம்புச் சேறு படிந்து, நாளடைவில் கல்லாகவும் மாறக்கூடும். இந்தப் பையைத் தொடங்கிய பின் எங்கள் முயலின் சிறுநீர் கெட்டியாக வெளுத்து, தட்டில் வெள்ளைப் பொடியாக உலர்ந்தது. கால்நடை மருத்துவர் இதை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

உலர்புல் முயலுக்கு இடைத்தீனி அன்று. அதன் உணவில் ஏறத்தாழ 80 விழுக்காடு அதுவாகவே இருக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் வளரும் பற்கள் தேய்வதற்கும், குடல் நிற்காமல் இயங்குவதற்கும் நார்ச்சத்து மிகுந்த புல்லைத்தான் அது நம்பியிருக்கிறது. அதனால்தான் வாங்குபவர்கள் புல்லின் வகையையும் வெட்டையும் பார்த்து வாங்குகிறோம். அந்த இரண்டிலும் பையின் மேலுள்ள எழுத்தை நம்புவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை.

பையில் தயாரிக்கப்பட்ட மாதமும் ஆண்டும் இல்லை. இறக்குமதிப் பொருள் என்று விளம்பரம் செய்தும் எந்த நாட்டிலிருந்து வந்தது என்ற குறிப்பும் இல்லை. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011 இவற்றைக் கட்டாயமாக்கியுள்ளது. ஈரம் கண்டால் எளிதில் பூஞ்சை பிடிக்கும் பொருளுக்குத் தேதி இல்லாமலிருப்பது பெருங்குறை.

எனவே, செலுத்திய தொகையையும் மருத்துவச் செலவையும் திருப்பித் தருமாறும், அதே தொகுதியில் விற்ற பைகளைச் சோதித்து, வாங்கிய மற்றவர்களுக்கும் உடனே தகவல் அனுப்புமாறும், குதிரைமசால் வளர்ந்த முயலுக்கு நல்லது என்று இனி எவருக்கும் பதில் அளிக்காதிருக்கத் தங்கள் பணியாளர்களுக்கு அறிவுறுத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். இவற்றுள் இரண்டாவதையே முதலில் செய்யுங்கள். எத்தனை வீடுகளில் இதே பை திறந்திருக்கிறதோ தெரியவில்லை. 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வதுடன், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகுவேன்.

பையின் ஒளிப்படங்கள், ரசீது, மருத்துவரின் குறிப்பு ஆகியவற்றை இணைத்துள்ளேன். பையில் மீதமுள்ள புல்லைத் தங்கள் ஆய்வுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்