ஓட்டு இல்லாதவர்களின் தேர்தல்

அன்பு மகளுக்கு,

தாத்தா மலாயாவின் 1955 பொதுத்தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று கேட்டிருந்தாய். யாருக்கும் போடவில்லைமா. பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த அவருக்குக் குடியுரிமையே கிடையாது. குடியுரிமை கேட்க இத்தனை வருஷம் இங்கே இருந்திருக்க வேண்டும், மலாயோ ஆங்கிலமோ தெரிந்திருக்க வேண்டும் என்று ஏகப்பட்ட விதிகள். சேலத்திலிருந்து வந்து தமிழைத் தவிர எதுவும் பேசாத மனுஷன் என்ன செய்வார்? அதோடு, என்றைக்காவது ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பாதிப் பேருக்கு இருந்தது.

அந்த ஜூலை 27 அன்று ஓட்டுரிமை இருந்தவர்கள் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அதில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர்கள், நம் இந்தியர்கள் ஐந்து பேர்கூட இல்லை. ஜனத்தொகையில் நாம் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இருந்தோம் என்பதை மறந்துவிடாதே. ஆனாலும் பிரசார லாரி தோட்டத்துக்கு வந்தது, ஒலிபெருக்கியில் கத்திவிட்டு, மலாய், சீன, இந்தியக் கட்சிகள் சேர்ந்த கூட்டணியின் பாய்மரக் கப்பல் சின்னம் போட்ட தாளை வீசிவிட்டுப் போனது, ஓட்டே இல்லாத பெரியவர்கள் அதைப் பொறுக்கி வந்து லயத்துச் சுவரில் ஒட்டினார்கள். சின்னப் பையனான எனக்கு அது ஒரு திருவிழா.

இப்போது நீ கேட்ட பெரிய கேள்விக்கு வருகிறேன். ஓட்டில்லாத சமூகத்து ஆளான, நம் இந்தியர் கட்சித் தலைவர் சம்பந்தன் எப்படி ஜெயித்தார்? மொத்தம் 52 இடம். மலாய்க்காரர்களின் அம்னோ கட்சித் தலைவர் துங்கு அப்துல் ரஹ்மான் தன் கட்சிக்குள் முணுமுணுப்பு இருந்தும் சீனர்களுக்கு 15, நமக்கு 2 என்று ஒதுக்கினார். மலாய்க்காரர்கள் வேட்பாளரின் இனத்தைப் பார்க்காமல் கப்பலைப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள். கூட்டணிக்கு 51, எதிரணிக்கு பேராக்கில் ஒரே ஒரு இடம். சம்பந்தன் கிந்தா உத்தாரா தொகுதியில் ஜெயித்தது அப்படித்தான். அதே கையோடு சுதந்திரமும், கூட்டணி வாக்குக் கொடுத்த நாலு வருஷத்துக்குப் பதில் இரண்டே வருஷத்தில் வந்தது.

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. நம் ஆட்களுக்கு ஓட்டு வரும் முன்பே பிரதிநிதி வந்துவிட்டார். தலைவர் போய்ப் பேசுவார், நாம் வீட்டிலிருந்தால் போதும் என்ற பழக்கம் அங்கேதான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன், நீ மறுக்கலாம். தாத்தா 1959-இல்தான் முதல் ஓட்டுப் போட்டார், விதிகள் கொஞ்சம் தளர்ந்த பிறகு. வேட்டியை மாற்றிக்கொண்டு, காலையிலேயே போய்விட்டார்.

அதற்காக, நம்மவர்கள் அன்றைக்கே தனியாக நின்றிருக்க வேண்டும் என்று நீ சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நூற்றுக்கு ஐந்தை வைத்துக்கொண்டு எந்தத் தொகுதியில் நிற்பது? அம்னோவையே தொடங்கிய ஓன் ஜாஃபார், அந்தக் கட்சியை விட்டுப் போய், எல்லா இனத்துக்கும் ஒரே கட்சி என்று முயன்று பார்த்தவர். அப்புறம் ‘கட்சி நெகாரா’ என்ற இன்னொரு கட்சியை ஆரம்பித்து 1955-இல் நின்றார். ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை, சொந்த ஜொகூரிலேயே அவர் தோற்றார். அவருக்கே அந்தக் கதி என்றால் தோட்டத்துச் சங்கத்துக்காரர் ஒருவர் தனியாக நின்று என்ன கிழித்திருப்பார், சொல்லு பார்ப்போம்.

அடுத்த வாரம் கூப்பிடு, மீதியை அப்போது சண்டை போடலாம்.

அன்புடன்,
அப்பா