மருந்து முடிந்த பிறகும் கால் இருக்கிறதே

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் சபையார் சிலருடன் நேபாளம் போனபோது, காத்மாண்டுக்குத் தெற்கே லலித்பூர் மாவட்டத்தில் தொழுநோய் மிஷன் நடத்தும் ஆனந்தபன் மருத்துவமனையைப் பார்த்தோம். நான் தொழுநோய்ப் பிரிவில் செவிலியராக இருந்தவள். விசுவாச அனுபவங்களைச் சொல்லும் சாட்சி கேட்பதைவிட வார்டைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

நோயால் மரத்துப்போன பாதங்களைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்தெடுத்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவுகிறார்கள். எல்லாம் நோயாளிகளே செய்வது. பணியாளர் பக்கத்தில் உட்கார்ந்து, கொப்புளம், வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார். தொழுநோய்க்கான கூட்டு மருந்து 6 அல்லது 12 மாதத்தில் முடிந்துவிடும். கால் பராமரிப்பு ஆயுசுக்கும். அதைச் சலிக்காமல் சொல்லித்தருவதுதான் அங்கே ஊழியம்.

நேபாளத்தின் 2015 அரசியல் சாசனமே பிறரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. அதனால் ஊழியம் நின்றுபோனதாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஆட்களில் சிலர் மடங்கிய விரல்களைப் படமெடுக்கப் போனார்கள். கூச்சமாக இருந்தது. (கேட்டால் 'ஜெபத்துக்காக' என்கிறார்கள்!) மிஷன் பயணம் ஏற்பாடு செய்யும் சபைகள் இதை முதலில் கண்டிக்கட்டும். வேலூர் பக்கம் கரிகிரியிலும் தொழுநோய்ப் பணி நடக்கிறது. விமானச் செலவில் ஒரு பங்கை அங்குள்ளவர்களின் எம்.சி.ஆர். செருப்புக்கு (மரத்த பாதத்தைக் காக்கும் மெத்தென்ற ரப்பர் செருப்பு) கொடுக்கலாமே?

– ஓய்வுபெற்ற செவிலியர், நாகர்கோவில்