தாளம் தந்த கைக்கு

குருநகர் ஆக்களுக்கும் எங்கள் யாகப்பர் கோயில் பங்கு மக்களுக்கும்,

விடியப்போகிறது, கூத்து முடிந்து வந்து இன்னும் படுக்கவில்லை. இப்போதே எழுதாவிட்டால் பிறகு வெட்கம் வந்துவிடும். என்ன நடந்தது, நான் யாரோடு திரிந்தேன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்களால் காயப்பட்ட அந்தத் தம்பியின் வீட்டுக்காரரும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் அதைத் திரும்பக் கிளற மாட்டேன்.

விளக்கமறியல் சிறையில் இருந்தபோது பங்குச் சுவாமி என்னைப் பார்க்க வருவார். புத்திமதி ஒன்றும் சொன்னதில்லை. அம்மா சாப்பிடுகிறாவா, மருந்து எடுக்கிறாவா என்பதைச் சொல்லுவார், பிறகு போய்விடுவார். ஒருநாள் ஒரு புதிய ஏற்பாட்டை வைத்துவிட்டுப் போனார். பொழுது போகாமல்தான் வாசிக்கத் தொடங்கினேன். எங்கள் கோயில் யாகப்பர், இயேசுவின் சீடர், நம்மைப்போல் வலை போட்டவர் என்பது சின்ன வயதிலேயே தெரியும். ஆனால் ஒரு ஊர் தங்களை ஏற்கவில்லை என்றவுடன் வானத்திலிருந்து நெருப்பை இறக்கி அதை எரித்துவிடலாமா என்று கேட்டவரும் அவர்தான் என்பது தெரியாது. லூக்கா 9ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அப்படிக் கொதித்த மனுசனை இயேசு கடிந்துகொண்டாரே தவிர, போ என்று கலைக்கவில்லை. அதே யாகப்பரைக் கடைசியில் ஏரோது வாளால் கொன்றான் என்று திருத்தூதர் பணிகள் 12இல் ஒரே ஒரு வரி. அந்த வரியைத் தாண்டி அன்றைக்கு என்னால் வாசிக்க முடியவில்லை.

பிணையில் வந்த பிறகு இரவுகள்தான் கஷ்டம். ஏழு மணிக்குப் பிறகு பழைய கூட்டாளிகளின் போன் அடிக்கத் தொடங்கும். சிம்மை மாற்றினேன், புது நம்பரையும் எப்படியோ எடுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் திருநாளுக்கு யாகப்பர் கூத்துப் போடுகிறோம், பழக வா என்று சுவாமி கூப்பிட்டார். சட்டம் கொடுக்கிற அன்று, அதாவது ஆளாளுக்குப் பாத்திரம் பிரிக்கிற நாளில், போய்க் கடைசியில் ஒரு தூணோடு நின்றேன். சேவகனுக்கு ஒரு ஆள் குறைந்தது. யாகப்பரின் தலையை வெட்டுகிற சேவகன். கூட்டத்தில் ஒருவர், "இவனிட்டக் குடுங்கோ, இவனுக்குத்தானே பழக்கம்" என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வாளை நீட்டினார்கள். பலகையில் வெட்டி மினுக்கத்தாள் ஒட்டிய வாள், ஒரு குழந்தைகூடத் தூக்கும். வாங்கப் போன என் கை நடுங்கத் தொடங்கிவிட்டது.

கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் அதைப் பார்த்தார். வேறு யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். எழும்பி வந்து, வாளை எடுத்துத் தன் கதிரைக்குப் பின்னால் சாத்திவிட்டு, "சேவகனுக்கு வேற பெடியனைப் பாப்பம், இவன் எனக்குத் தாளத்துக்கு வேணும்" என்றார். அவ்வளவுதான். சிரித்தவர்களை ஏசவில்லை, என்னைத் தட்டிக்கொடுக்கவும் இல்லை. எனக்குத் தாளம் என்றால் என்னவென்றே தெரியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவருடைய தகப்பன் பிடித்த வெண்கலத் தாளம் அது. ஓரம் தேய்ந்து, வலைநூலில் கட்டியிருந்தது. பழகிவிட்டு வீட்டுக்கு வந்தால் உள்ளங்கை முழுக்க வெண்கல வாசம், சவர்க்காரம் போட்டாலும் போகாது. பக்கத்தில் இருத்தி என் முழங்காலில் விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். பிழைத்தால் ஏச மாட்டார், தட்டுகிற விரல் நின்றுவிடும், நானே பிடித்துக்கொள்ள வேண்டும். ஏழு மணிக்குத் தொடங்கினால் பதினொன்றாகிவிடும். போன் சட்டைப்பைக்குள் அதிர்ந்துகொண்டே கிடக்கும், என் இரண்டு கையிலும் தாளம் இருக்கும். வெள்ளுடுப்பு என்கிற கடைசி ஒத்திகை நடந்த அன்றுதான் கவனித்தேன், போன் அடித்தே பல நாளாகியிருந்தது.

இது கூத்தால் வந்ததா, செபத்தால் வந்ததா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. பல வருடத்துக்குப் பிறகு பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளில் இருந்ததும் அந்தக் கிழமைதான். கடவுள் என்னைப் பிடித்துக்கொண்டார் என்று முழுமனதாக நம்புகிறேன். பிடித்த கை அண்ணாவியாருடையதாக இருந்தது.

மற்றவர்களை மறக்கவில்லை. காப்பை அடகு வைத்த மாமி, காசு வாங்காத சட்டத்தரணி, ஒருவரும் எடுக்காதபோது என்னைத் தன் படகில் தொழிலுக்கு ஏற்றின சம்மாட்டி, எனக்காகச் செபமாலை சொன்ன மரியாயின் சேனை அம்மாமார், நல்லூருக்கு நேர்த்தி வைத்த பக்கத்து வீட்டு அன்ரி, எல்லாருக்கும் நன்றி. 1993இல் குண்டு விழுந்து சனம் செத்த கோயில் இது என்று அம்மா சொல்லுவா. அப்படியெல்லாம் பட்ட சனத்தை நானும் பயப்படுத்தினேன். என்னை மன்னியுங்கள்.

அந்தத் தம்பியின் அம்மாவுக்கு: நேற்றிரவு நீங்கள் முன் வரிசைப் பாயில் இருந்ததைக் கண்டேன். கூத்து முடியும்வரை எழும்பிப் போகவில்லை. உங்களிடம் நன்றி என்ற சொல்லைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தம்பியின் கை வைத்தியச் செலவுக்கு மாதாமாதம் என் உழைப்பில் ஒரு பங்கைச் சுவாமியிடம் கொடுப்பேன். இதை எல்லாருக்கும் முன்னால் எழுதுகிறேன், தவறினால் நீங்கள் எல்லாரும் கேட்க வேண்டும். சந்தியில் நிற்கிற சின்னப் பெடியள் யாராவது தாளம் பழக வந்தால் நான் சொல்லிக்கொடுப்பேன்.

அண்ணாவியார், தாளம் என்னிடம்தான் இருக்கிறது. கடைசிப் பாட்டில் வலைநூல் அறுந்துவிட்டது, விரலால் அணைத்துப் பிடித்துத்தான் முடித்தேன். புது நூல் கட்டிவிட்டேன். ஞாயிறு பூசைக்குப் பிறகு கொண்டுவருகிறேன்.